கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கணினித் துறை மாணவர்களின் இறுதியாண்டு ப்ராஜெக்டுகளுக்குக் கைடாகவும் தேர்வாளராகவும் இருந்து வருகிறேன். ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பக்க எண்ணிக்கை, மதிப்பெண் பிரிப்பு, எழுத்துரு அளவு போன்றவை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு மாதிரி. அவற்றுக்கு உங்கள் துறை கொடுத்த கையேட்டைப் பாருங்கள்.

1. ஒரு ஆப் செய்து ஓட்டிக் காட்டினால் போதாதா? எதற்கு இத்தனை ரிப்போர்ட், ரெவ்யூ?

போதாது. ஓடுகிற மென்பொருள் ப்ராஜெக்டில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு பிரச்சினையை நீங்களே வரையறுத்து, அதில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துச் செய்து முடித்து, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அளந்து காட்ட முடிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறார்கள். மற்ற பாடங்களில் கேள்வியை ஆசிரியர் தருவார். இங்கே கேள்வியும் உங்களுடையது.

முப்பது திரை கொண்ட ஆப் சுமாரான மதிப்பெண்ணும், மூன்றே திரை உள்ள ஒன்று மிக நல்ல மதிப்பெண்ணும் வாங்குவது இதனால்தான். "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் இரண்டாமவரிடம் பதில் இருக்கும். கீழே உள்ள பல பதில்களும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்.

2. தலைப்பே தோன்றமாட்டேன் என்கிறது. எங்கே தேடுவது?

முதலில், "இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகள்" என்று இணையத்தில் தேடுவதை விடுங்கள். அங்கே வரும் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, சாட்பாட் பட்டியல் தேர்வாளர்களுக்கு மனப்பாடம்.

நல்ல தலைப்பு பெரும்பாலும் யாரோ ஒருவருடைய எரிச்சலிலிருந்து கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார், எந்த வேலையைத் தினமும் கையால் செய்து அலுத்துப்போகிறார்கள்? ஒரே தகவலை மூன்று எக்செல் தாளில் நிரப்புகிற ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். தேவைகளைக் கேட்கவும் ஆள் ஆயிற்று, செய்ததைக் கொடுத்துச் சோதிக்கவும் ஆள் ஆயிற்று. இன்னொரு இடம், ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பகுதி. இனிமேல் செய்ய வேண்டியவை என்று அதை எழுதியவர்களே மிச்சம் வைத்த வேலைகளைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் துறையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளிலும் அந்தப் பகுதி உண்டு. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

3. "புதுசா ஏதாவது இருக்கணும்" என்கிறார் கைடு. உலகத்தில் இல்லாததை நான் எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

அவர் கேட்பது அதுவல்ல. கிளாட் ஷானன் 1937-இல் எம்ஐடியில் சமர்ப்பித்த முதுகலை ஆய்வேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் பூலின் இயற்கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ரிலே சுவிட்சுகள் தொலைபேசி இணைப்பகங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அந்த இயற்கணிதத்தைக் கொண்டு இந்த ரிலே சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று காட்டியது மட்டுமே ஷானன் செய்தது. இன்றைய டிஜிட்டல் சுற்றுகளுக்கு அடிப்படை அதுதான்.

உங்களிடம் அந்த அளவுக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மொழிக்காகச் செய்த முறையை இன்னொரு மொழியில் ஓட்டிப் பார்ப்பது, இணைய இணைப்பு இல்லாத போனிலும் ஓடுமாறு ஒன்றைச் சுருக்குவது, ஒரே வேலைக்கு இரண்டு முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்த முடியாத ஒரு கருவியை அவர்களுக்கும் ஏற்றதாக்குவது, எதுவானாலும் இளநிலைப் பட்டத்துக்குப் போதுமான புதுமைதான். "ஏற்கெனவே இருப்பதற்கும் என்னுடையதற்கும் இதுதான் வித்தியாசம்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வரவேண்டும்.

4. என் தலைப்பு ரொம்பப் பெரியதா, சின்னதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"மேலாண்மை அமைப்பு" என்று முடிந்தால் அநேகமாகப் பெரியது. "மருத்துவமனை மேலாண்மை அமைப்பு" என்ற தலைப்பையே சுருக்கிப் பார்ப்போம். நோயாளி பதிவு, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, மருந்தகம், ஆய்வகம், பில்லிங் என்று ஐந்தாறு மாட்யூல் வரும். ஒவ்வொன்றும் ஒரு படிவம், ஒரு டேபிள், ஒரு பட்டியல் என்று மேலோட்டமாகவே முடியும். எதிலும் ஆழம் இருக்காது.

இதில் நேரம் வாங்குவதை மட்டும் எடுங்கள். அங்கே உள்ள உண்மையான தலைவலி என்ன? நேரம் வாங்கியவர்கள் வராமல் போவது. டாக்டரின் நேரம் வீணாகிறது, வர ஆசைப்பட்டவருக்கு இடம் கிடைக்கவில்லை. அப்படியானால் கேள்வி: "யார் வரமாட்டார் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? அந்த இடத்தைக் காத்திருப்பவருக்கு மாற்றிக் கொடுத்தால் வீணாகும் நேரம் எவ்வளவு குறையும்?" இதற்குத் தரவும் இருக்கிறது. பிரேசில் நாட்டின் 1,10,527 முன்பதிவுகள் கொண்ட தொகுப்பு காகிள் என்ற தரவுத் தளத்தில் பொதுவில் கிடைக்கிறது. அவற்றில் சுமார் 20% பேர் வரவில்லை. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், 13-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

சின்னதா என்று சந்தேகம் வந்தால் இப்படிச் சோதிக்கலாம்: ஒரு வாரப் பயிற்சி வீடியோவைப் பார்த்து அப்படியே செய்துவிட முடியுமா? முடியும் என்றால் சின்னது.

5. ப்ரொபோசலில் என்ன எழுத வேண்டும்?

என்ன பிரச்சினை, யாருக்கு, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள். அதோடு, எதையெல்லாம் செய்யப் போவதில்லை என்று ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்தியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. "பில்லிங் இதில் அடங்காது" என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், ஆறு மாதம் கழித்து "பில்லிங் எங்கே?" என்று யாரும் கேட்க முடியாது.

6. லிட்ரேச்சர் சர்வேக்கு எத்தனை பேப்பர் படிக்க வேண்டும்?

குறைந்தபட்ச எண்ணிக்கை கையேட்டில் இருந்தால் அதன்படி. இல்லையென்றால், புதிதாக எடுக்கும் கட்டுரைகள் நீங்கள் ஏற்கெனவே படித்தவற்றையே மேற்கோள் காட்டத் தொடங்கும்வரை படியுங்கள். முதலில் சுருக்கம், படங்கள், முடிவுரை. தொடர்பு இருந்தால் மட்டும் முழுவதும். கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரையைப் பிடித்து, அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்ற இணைப்பை அழுத்தினால் அடுத்தடுத்த ஆண்டுகளின் வேலை வரிசையாக வரும்.

படிக்கும்போதே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: யார், எந்த ஆண்டு, என்ன தரவு, என்ன முறை, என்ன முடிவு, என்ன குறை. ஸோட்டெரோ போன்ற இலவசக் கருவியில் அப்போதைக்கப்போது சேமித்துவிட்டால் மேற்கோள் பட்டியல் தானாக உருவாகும். "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று பத்து பத்தி எழுதுவது சர்வே ஆகாது. அந்த அட்டவணையின் கடைசி நெடுவரிசையான "குறை"யில்தான் உங்கள் ப்ராஜெக்டுக்கு இடம் இருக்கிறது.

7. கால அட்டவணை போடச் சொல்கிறார்கள். போட்டாலும் அதன்படி நடப்பதே இல்லையே?

முன்னாலிருந்து போடுவதால்தான். கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சமர்ப்பிக்கும் நாள், அதற்கு முன் அச்சும் பைண்டிங்கும், அதற்கு முன் கைடு படித்துத் திருத்தித் தரும் நாட்கள், அதற்கு முன் சோதனை. இப்படி வந்தால் கோடிங்குக்கு உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். மொத்தக் காலத்தில் பாதிகூட இராது. தேர்வு வாரங்களை அட்டவணையில் காலியாகவே விடுங்கள். அந்த நாட்களில் எந்த வேலையும் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

காண்ட் சார்ட் என்பது ஹென்றி காண்ட் 1910-களில் தொழிற்சாலை வேலைகளுக்காகப் பரவலாக்கிய, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைக் கோடுகளாகக் காட்டும் படம். ப்ரொபோசலில் ஒட்டிவிட்டு மறந்துபோவதற்கு அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து கோடுகளை நகர்த்துங்கள். பழைய பதிப்புகளையும் வைத்திருங்கள். ரிப்போர்ட்டில் "திட்டமிட்டதும் நடந்ததும்" என்று எழுத அவைதான் ஆதாரம்.

8. வாட்டர்ஃபால் என்று எழுதுவதா, அஜைல் என்று எழுதுவதா?

நீங்கள் எப்படி வேலை செய்தீர்களோ அதை எழுதுங்கள். வாட்டர்ஃபால் என்றால் ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று நேராகப் போவது. அஜைல் என்றால் சிறு சிறு பகுதியாகச் செய்து, காட்டித் திருத்திக்கொண்டே போவது. வாட்டர்ஃபால் படத்துக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை. ஆனால் அவர் அதே கட்டுரையில், அப்படி ஒரே நேராகச் செய்தால் ஆபத்து என்றுதான் சொல்லியிருக்கிறார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டினால், கட்டுரையைப் படித்த தேர்வாளர் சிரிப்பார்.

அஜைல் அறிக்கை 2001-இல் பதினேழு பேர் கூடி எழுதியது. அது குழுக்களுக்கானது. ஒரே ஆள் செய்த ப்ராஜெக்டில் "தினமும் ஸ்டாண்டப் மீட்டிங் நடத்தினோம்" என்று எழுதியிருப்பதை நானே படித்திருக்கிறேன். யாரோடு நடத்தினார் என்று கேட்டேன், பதில் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை முடித்துக் கைடிடம் காட்டித் திருத்திக்கொண்டேன் என்று எழுதினால் அதுவே நேர்மையான விவரம்.

9. எனக்குத் தெரியாத மொழியில், புது ஃப்ரேம்வொர்க்கில் செய்யலாமா?

ஒன்று மட்டும் புதிதாக இருக்கட்டும். பைத்தான் தெரியும், இயந்திரக் கற்றல் புதிது என்றால் சரி. மொழியும் புதிது, டேட்டாபேஸும் புதிது, துறையும் புதிது என்றால் பிழை எதனால் வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது.

10. எந்த இடத்திலிருந்து கோடிங்கைத் தொடங்குவது? லாகின் பக்கத்திலிருந்தா?

எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது சுலபம். லாகின், பதிவு, கடவுச்சொல் மறந்தவருக்கான பக்கம் என்று ஒரு மாதம் போய்விடும். ப்ராஜெக்டின் உயிரான பகுதி தொடப்படாமலே கிடக்கும்.

எது நடக்காமல் போக அதிக வாய்ப்போ அதை முதலில் தொடுங்கள். 4-ஆம் கேள்வியின் உதாரணத்தில் அது கணிப்பு மாடல். அலங்காரமே இல்லாமல், தரவை உள்ளே விட்டு விடையை வெளியே எடுக்கும் ஒரு மெல்லிய பாதையை முதலில் போடுங்கள். ஒரு வரிசைத் தரவு, ஒரு கணிப்பு, ஒரு திரையில் அதன் விடை. முனைக்கு முனை ஓடிவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். நடக்காது என்று தெரிந்தாலும் நல்லதுதான், தலைப்பை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்.

11. தனியாகத்தானே செய்கிறேன், கிட் எதற்கு?

கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியான கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது லினக்ஸ் கெர்னல் போன்ற பெரிய கூட்டு வேலைக்காகத்தான். ஆனால் தனி ஆளுக்கும் அதுதான் பாதுகாப்பு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நேற்றைக்குத் திரும்பலாம். "ப்ராஜெக்ட்_ஃபைனல்_புதுசு_3" என்ற ஃபோல்டர்கள் குவியாது. வேலை உங்களுடையதுதானா என்று சந்தேகம் வந்தால், மாதக்கணக்கில் நீளும் கமிட் (அதில் பதிந்த மாற்றங்கள்) வரலாற்றைவிட நல்ல சாட்சி இல்லை.

இரண்டு விஷயத்தில் கவனம். கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. டேட்டாசெட்டையும் பயிற்றுவித்த மாடலையும் வேறு இடத்தில் வைத்து, இணைப்பை மட்டும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் கொடுங்கள். அடுத்து, ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி), டேட்டாபேஸ் கடவுச்சொல் இவற்றைக் கோடில் எழுதி கமிட் செய்துவிடாதீர்கள். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். தவறிப் போய்விட்டால் அந்தக் கீயையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

12. தலைப்பு சரி, டேட்டாசெட்தான் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

தரவு கைக்கு வரும்வரை தலைப்பை உறுதி செய்யாதீர்கள். "ஒரு நிறுவனம் தருவதாகச் சொல்லியிருக்கிறது" என்பது தரவு ஆகாது. காகிள், யுசிஐ களஞ்சியம், ஹக்கிங் ஃபேஸ், அரசுகளின் திறந்த தரவுத் தளங்கள், ஆய்வுக் கட்டுரைகளோடு வெளியிடப்பட்ட தொகுப்புகள் எல்லாவற்றிலும் தேடிவிட்டு, உரிமத்தையும் படியுங்கள். பொதுவில் கிடைக்கிறது என்பதால் எதற்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை.

நீங்களே திரட்டுவதும் நல்ல வழிதான். சிறியதாக இருந்தாலும், எப்படித் திரட்டினீர்கள், யார் லேபிள் போட்டார்கள், இருவர் போட்ட லேபிள் எவ்வளவு ஒத்துப்போனது என்று எழுதினால் அதுவே ரிப்போர்ட்டின் வலுவான அத்தியாயமாகிவிடும். செயற்கையாக உருவாக்கிய தரவு என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

13. 98% துல்லியம் வந்திருக்கிறது. நல்லதுதானே?

98 என்றதும் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. 4-ஆம் கேள்வியில் சொன்ன தொகுப்பில் ஐந்தில் நான்கு பேர் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். எதையுமே கற்காமல், எல்லோருக்கும் "வருவார்" என்றே விடை சொல்லும் ஒரு வரி நிரல் சுமார் 80% துல்லியம் காட்டும். ஆனால் நாம் தேடிய ஆளை, அதாவது வராதவரை, அது ஒருவரைக்கூடப் பிடிக்காது. ஆகவே உங்கள் மாடல் 81% என்றால் அது ஒன்றுமே கற்கவில்லை என்றும் இருக்கலாம். இப்படிப்பட்ட சும்மா நிரலை அடிப்படையாக வைத்து ஒப்பிடுங்கள். கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் (எது எதுவாகக் கணிக்கப்பட்டது என்ற அட்டவணை), பிரிசிஷன் (வரமாட்டார் என்று சொன்னவர்களில் உண்மையிலேயே வராதவர்கள் எவ்வளவு), ரீகால் (வராதவர்களில் எவ்வளவு பேரைப் பிடித்தது) இவற்றைக் காட்டுங்கள்.

இன்னொரு காரணம், சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிந்திருப்பது. செஸ்ட்எக்ஸ்ரே14 என்ற புகழ்பெற்ற தொகுப்பில் 1,12,120 எக்ஸ்ரே படங்கள் உள்ளன, நோயாளிகளோ 30,805 பேர்தான். படங்களைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தால் ஒரே ஆளின் படம் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மாடல் நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். படத்தைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவதாக, வரிசையைப் பாருங்கள். குறைவாக உள்ள வகையைப் பெருக்கிச் சமன் செய்துவிட்டு, அதற்குப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்தீர்களா? அப்படியானால் ஒரே பதிவின் நகல் இருபக்கமும் போயிருக்கும். முதலில் பிரியுங்கள், அப்புறம் பயிற்சிப் பக்கத்தில் மட்டும் பெருக்குங்கள். சராசரி, விலகல் போன்றவற்றையும் பயிற்சிப் பக்கத்திலிருந்து மட்டுமே கணக்கிடுங்கள். திருத்திய பின் 98 என்பது 84 ஆனால் வருத்தப்படாதீர்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தைரியமாக நிற்கக்கூடிய எண் அந்த 84தான்.

14. என்னுடையது வெப் ஆப்தான். துல்லியம் எல்லாம் கிடையாது. இதை எப்படி அளப்பது?

செய்த நோக்கத்தை வைத்து. நேரத்தை மிச்சப்படுத்துவது நோக்கம் என்றால், அந்த வேலையைப் பழைய முறையில் செய்ய ஆகும் நேரத்தையும் உங்கள் ஆப்பில் ஆகும் நேரத்தையும் அதே ஆட்களை வைத்து அளவிடுங்கள். பாதிப் பேருக்கு முதலில் பழையது, மீதிப் பேருக்கு முதலில் புதியது என்று மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் பழக்கத்தால் வந்த வேகமும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும்போது பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் ஜேமீட்டர் போன்ற கருவியால் அளக்கலாம்.

பயன்பாட்டு எளிமைக்கு ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் வினாத்தாள் இருக்கிறது. பத்தே வாக்கியங்கள், ஐந்து புள்ளி அளவுகோல், மொத்தம் 0 முதல் 100 வரை. கவனியுங்கள், அது சதவீதம் அல்ல. 68 என்பதே சராசரியாகக் கருதப்படுகிறது, எனவே "70 வாங்கினோம், மிகச் சிறப்பு" என்று எழுத வேண்டாம். ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தால் போதும் என்று ஜேகப் நீல்சன் சொன்னது குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு. இரண்டு ஆப்புகளில் எது மேல் என்று எண்ணால் நிறுவ அது போதாது. "நல்லா இருக்கிறதா?" என்று நண்பர்களிடம் கூகுள் படிவத்தில் கேட்பது எதற்கும் போதாது.

15. நாலு பேரிடம் கருத்துக் கேட்க அனுமதி வாங்க வேண்டுமா?

பல பல்கலைக்கழகங்களில் வேண்டும். அதுவும் கேட்பதற்கு முன்பே. மருத்துவத் தகவல், குழந்தைகள், முகப்படம், குரல் சம்பந்தப்பட்டால் கட்டாயம் கைடிடம் கேளுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், அதையும் 7-ஆம் கேள்வியில் சொன்ன அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

16. குழுவில் ஒருத்தர் வேலையே செய்வதில்லை. கைடிடம் சொன்னால் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகுமே?

முதலில் அவருக்கு என்ன வேலை என்று எழுத்தில் இருக்கிறதா? "நீ டாக்குமென்டேஷன் பார்த்துக்கோ" என்பது வேலைப் பிரிப்பு அல்ல. கடைசியில் செய்ய வேண்டியது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவருக்கும் முழுதாக ஒரு மாட்யூல், அதன் சோதனை, அதைப் பற்றிய ரிப்போர்ட் பகுதி என்று பிரியுங்கள். வாராந்திரக் கூட்டத்தில் யார் எதை எப்போது முடிப்பது என்று மூன்று வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சீக்கிரமே சொல்லுங்கள். கடைசி வாரத்தில் வந்து சொல்லும் புகாரை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. குறை சொல்லும் தொனி வேண்டாம். கூட்டக் குறிப்புகளும் கமிட் வரலாறும் கையில் இருந்தால் அவையே பேசும். அவருக்கு வீட்டில் பிரச்சினையோ பாடம் புரியாத தயக்கமோ இருக்கலாம், தனியாக ஒருமுறை கேட்டுவிட்டுப் போவதில் தப்பில்லை.

17. கைடு மெயிலுக்குப் பதிலே போடுவதில்லை.

"சார், ப்ராஜெக்ட் பற்றிப் பேச வேண்டும்" என்று அனுப்பினால் பதில் வராது. "இரண்டு வழி இருக்கிறது, காரணம் இது, நான் முதல் வழியில் போகலாம் என்று இருக்கிறேன், வியாழனுக்குள் சொல்ல முடியுமா?" என்று அனுப்பினால் ஒரு வரியாவது வரும். நேரில் போகும்போது முடித்தது, தடங்கல், அடுத்தது என்று அரைப் பக்கம் எடுத்துப் போங்கள். அப்படியும் வாரக்கணக்கில் பதில் இல்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் போவது உங்கள் உரிமை.

18. காசு கொடுத்தால் முழு ப்ராஜெக்டும் செய்து தருகிறார்கள். எல்லோரும் வாங்குகிறார்களே?

எல்லோரும் வாங்குவதில்லை. வாங்கியவர்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அதே ப்ராஜெக்ட் பலருக்கு விற்கப்படும். ஒரே திரை, ஒரே எழுத்துப்பிழை, ஒரே பெயர் கொண்ட மாறிகள் என்று எங்களிடம் வரும். "இந்த பட்டனின் நிறத்தை மாற்றிக் காட்டுங்கள்" என்றால் எந்தக் கோப்பைத் திறப்பது என்றே தெரியாமல் நிற்பவரைப் பார்ப்பது தேர்வாளருக்கும் சங்கடம். பிடிபட்டால் பட்டமே சிக்கலாகும்.

திறந்த மூலக் கோடை எடுத்து அதன்மேல் கட்டுவது வேறு. எங்கிருந்து எடுத்தீர்கள், என்ன உரிமம், அதில் நீங்கள் சேர்த்தது எது என்று சொல்லிவிட்டால் அது முறையான வேலைதான்.

19. சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

உங்கள் துறையின் விதி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். தடை என்றால் தடைதான். அனுமதி உண்டு என்றால் எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். பிழைச் செய்தியைப் புரிந்துகொள்ள, சோதனைத் தரவு உருவாக்க, எழுதியதன் இலக்கணம் பார்க்க நன்றாகவே உதவும்.

ஆனால் மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியரின் பெயரைப் போட்டு அழகாகத் தந்துவிடும். அது எழுதிய கோடை, திரையை மூடிவிட்டு வரிக்கு வரி விளக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம். 18-ஆம் கேள்வியில் சொன்ன பட்டன் சோதனை இங்கேயும் பொருந்தும்.

20. ரிப்போர்ட்டை எப்போது தொடங்குவது? எந்த அத்தியாயம் முதலில்?

முதல் மாதமே. சர்வே அத்தியாயம் படிக்கும்போது, வடிவமைப்பு அத்தியாயம் வடிவமைக்கும்போது, முடிவுகள் அளக்கும்போது. அறிமுகமும் சுருக்கமும் கடைசியில், ஏனென்றால் என்ன செய்தீர்கள் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெளிவாகத் தெரியும். திரைப் படங்களை அவ்வப்போது எடுத்து வையுங்கள். பாதியில் கைவிட்ட வழிகளையும் ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கும்.

"ஹெச்டிஎம்எல் என்றால் என்ன, மைஎஸ்க்யூஎல் என்றால் என்ன" என்று பத்துப் பக்கம் எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படிப்பவருக்குத் தெரியும். மைஎஸ்க்யூஎல்லை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் தெரியாது.

21. சிமிலாரிட்டி 22% காட்டுகிறது. மாட்டிக்கொண்டேனா?

அந்த எண், உங்கள் உரை ஏற்கெனவே உள்ள உரைகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, திருட்டு என்று தீர்ப்புச் சொல்வதில்லை. முகப்புப் பக்கம், உறுதிமொழி, மேற்கோள் பட்டியல் எல்லாம் சேர்ந்தே கணிசமாக வரும். எண்ணை விட்டுவிட்டு நிறம் காட்டிய இடங்களைப் பாருங்கள். ஒரே மூலத்திலிருந்து ஒரு முழுப் பத்தி வந்திருந்தால், மொத்தம் 5% என்றாலும் அது பிரச்சினைதான். சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைப்பது தீர்வல்ல. மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் நடையில் எழுதி, மூலத்தைக் குறிப்பிடுங்கள்.

22. பாதிதான் முடிந்திருக்கிறது, நாள் நெருங்கிவிட்டது. நண்பர்களை உதவிக்குக் கூப்பிடலாமா?

பிந்திப்போன மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று பிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார். புதிதாக வருபவருக்குப் புரியவைப்பதிலேயே உங்கள் நேரம் போகும். தனிநபர் ப்ராஜெக்டில் அது விதிமீறலும்கூட.

அம்சங்களை வெட்டுங்கள். இது இல்லாமல் முடியாது, இருந்தால் நல்லது, இந்த முறை வேண்டாம் என்று பட்டியலைப் பிரித்து, முதல் குழுவை மட்டும் முடியுங்கள். மிச்சத்தை இனிச் செய்ய வேண்டியவை பகுதியில் எழுதுங்கள். பாதி வேலை செய்யும் பத்து அம்சத்தைவிட, சோதித்து முடித்த நாலு அம்சத்துக்கு மதிப்பு அதிகம். வெட்டப் போவதைக் கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

23. டெமோ அன்று பார்த்து ஓடாமல் போய்விட்டால்?

போகும் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் முழு டெமோவையும் வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். இணையம் இல்லாமல், உங்கள் மடிக்கணினியிலேயே ஓடும் பிரதி ஒன்று வேண்டும். டேட்டாபேஸில் அர்த்தமுள்ள தரவை முன்பே நிரப்பி வையுங்கள், "அஅஅ", "டெஸ்ட்1" வேண்டாம். டெமோவுக்கு முந்தைய நாள் எதையும் அப்டேட் செய்யாதீர்கள். வேறொருவர் கணினியில் ரீட்மீயைப் படித்து மட்டும் நிறுவ முடிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

24. வைவாவில் என்ன கேட்பார்கள்?

நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன வரியிலிருந்து கேட்பார்கள். அடிக்கடி நடக்கும் உரையாடல் ஒன்று:

"கடவுச்சொல்லை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள்?"
"என்க்ரிப்ட் பண்ணியிருக்கோம் சார்."
"எதை வைத்து?"
"எம்டி5."
"அப்படியானால் அதை டிக்ரிப்ட் செய்து காட்டுங்கள்."

அத்துடன் அமைதி. எம்டி5 என்க்ரிப்ஷனே அல்ல, அது ஹாஷ். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி அதில் கிடையாது. தவிர அது மிக வேகமாகக் கணக்கிடப்படுவதால், கோடிக்கணக்கான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து உடைப்பது சுலபம். அதனால்தான் வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட், ஆர்கான்2 போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஃப்ரேம்வொர்க் தானாகவே சரியான முறையைப் பயன்படுத்தியிருக்கும், மாணவருக்குத்தான் அது தெரிந்திருக்காது.

ரிப்போர்ட்டை அச்சிட்டு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அருகில் "இது ஏன், வேறு என்ன இருந்தது?" என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லாத இடத்தைப் படியுங்கள், அல்லது அந்த வரியை எடுத்துவிடுங்கள். தெரியாததைக் கேட்டால் "இதை நான் சோதிக்கவில்லை, சோதிப்பதாக இருந்தால் இப்படிச் செய்வேன்" என்று சொல்லலாம். அதற்கும் மதிப்பெண் உண்டு.

25. எல்லாம் செய்து பார்த்தால், என் முறை பழைய முறையைவிட மோசமாக இருக்கிறது. மாற்றி எழுதிவிடலாமா?

கூடாது. எண்ணைத் திருத்துவது இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. அதற்குத் தேவையும் இல்லை. சோதனை ஒழுங்காக நடந்திருந்தால், "வேலை செய்யவில்லை" என்பதும் ஒரு முடிவுதான். ஏன் என்று தோண்டுங்கள். எந்த வகைத் தரவில் தோற்றது? தரவு போதவில்லையா, முறையே பொருந்தவில்லையா? தவறாகக் கணித்தவற்றில் ஐம்பதை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள், ஏதோ ஒரு ஒற்றுமை தெரியவரும். அதை எழுதினால், காரணம் தெரியாமல் ஜெயித்தவரைவிட உங்கள் ரிப்போர்ட் வலுவாக இருக்கும்.

கோடில் பிழை இருந்து அதனால் மோசமாக வந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விடை முன்பே தெரிந்த பத்து வரிசைத் தரவைக் கொடுத்துப் பார்த்தால் அது புரிந்துவிடும்.

26. முடிந்த பிறகு கோடு யாருக்குச் சொந்தம்? கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்துவிடலாமா?

அது பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்து விதியைப் பொறுத்தது. சில இடங்களில் மாணவருக்கு, சில இடங்களில் நிறுவனத்துக்கு. வெளி நிறுவனத்துக்காகச் செய்திருந்தால் அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள், முடித்த பிறகல்ல, கையெழுத்துப் போடும் முன்பே.

உங்களுக்கே சொந்தம் என்றால் தாராளமாகத் திறந்துவிடலாம், வேலை தேடும்போது காட்டவும் உதவும். உரிமக் கோப்பு ஒன்றைச் சேருங்கள். அது இல்லாவிட்டால், கோடு எல்லோர் கண்ணிலும் பட்டாலும் சட்டப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. எம்ஐடி உரிமம் எளிமையானது. ஆனால் ஜிபிஎல் உரிமம் உள்ள கோடை உள்ளே சேர்த்திருந்தால், வெளியிடும்போது உங்களுடையதையும் ஜிபிஎல்லின்கீழ்தான் தர வேண்டும். திறப்பதற்கு முன், கருத்துக் கேட்டவர்களின் பெயர், எண் எதுவும் தரவுக் கோப்பிலோ பழைய கமிட்டிலோ இல்லையே என்று பார்த்துவிடுங்கள். கோடு பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கோடு இணைந்திருந்தால், அந்தக் கணக்கை மூடுவதற்குள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.